தவளைக் கல்லீரலும் எலிக் கல்லீரலும்

கோவை
ஆடி மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

உன் சித்திரைக் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் இப்போதே திட்டி முடித்துவிடு. நடுவில் நீ போன் செய்தபோதெல்லாம் "லேபில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்றேன், அந்த அப்புறம் வரவே இல்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடுப்பு தேவலை. வாசல் வரை நடக்கிறார், நடப்பதற்கும் சேர்த்துப் பேசுகிறார். சின்னவன் ஆறாம் வகுப்பு போய்விட்டான். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று புளியமரத்து ராசு சொன்னான். அவனுக்குத் தெரியாமல் கோபியில் ஒரு கோழி முட்டை வைக்குமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எலிதானே, விடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதனால் நீதான் கேட்டாக வேண்டும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் நாத்தனார் கேட்டதற்கு "எலிக்கு எக்ஸ்ரே எடுக்கிறாள்" என்றாயாமே. நல்லா இரு. இனிமேலாவது சரியாகச் சொல். எங்களுக்கு வேண்டியது எலியின் கல்லீரல். ஒரு கூட்டத்துக்குச் சாதாரணத் தீவனம், இன்னொரு கூட்டத்துக்குக் கொழுப்பு நிறைந்த தீவனம். இரண்டாவது கூட்டத்துக்கு லேபில் கல்யாண வீட்டு எலி என்று பெயர். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. நம் புத்தகத்தில் செல்லுக்குச் சக்தி தயாரிப்பது என்று அவரைக்கொட்டை மாதிரி ஒன்றைப் போட்டிருப்பார்களே, அது. நிஜத்தில் சிலது உருண்டை, சிலது புழுவாட்டம் நீளம், சிலது கிளைவிட்டு இஞ்சிக் கிழங்கு மாதிரி கிடக்கும். ஒரே கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கும் மேல்.

சாதாரண மைக்ராஸ்கோப் இதற்கு ஆகாது. 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இரண்டு புள்ளி இருந்தால் ஒளிக்கு அது ஒரே புள்ளிதான். மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றியுள்ள சவ்வோ சுமார் 7 நானோமீட்டர் கனம். அதனால்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். முதல் கருவியை 1931இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் செய்தார்கள். ருஸ்காவுக்கு நோபல் கொடுத்தது 1986இல். 55 வருஷம்! என் பதவி உயர்வு ஃபைலைப் பற்றி இனி நான் வாயே திறக்கமாட்டேன்.

கல்லீரலில் மிளகளவு வெட்டி, திசு கெடாமலிருக்கக் க்ளூட்டரால்டிஹைடில் ஊறப்போட்டு, ஆஸ்மியம் என்ற சாயம் ஏற்றுவோம். கொழுப்பும் சவ்வும் உள்ள இடமெல்லாம் அதில் கறுத்துவிடும். (அந்த ஆவி கண்ணுக்கு ஆகாது. சின்னவன் லேபுக்கு வருகிறேன் என்று அடம்பிடிப்பதற்கு நான் சம்மதிக்காதது அதனால்தான்.) பிறகு ரெசின் ஊற்றி 60 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் தேன் நிறக் கட்டி ஆகிவிடும், நடுவில் மிளகு மாதிரி திசு. கட்டியைப் பெங்களூருக்கு அனுப்புகிறோம். அங்கே ஒரு கருவி கேலியம் அயனிக் கற்றையால் அதன் முகத்தை 8 நானோமீட்டர் சீவும், ஒரு படம் எடுக்கும், மறுபடி சீவும். அந்தக் கணக்கில் உன் தலைமுடி ஒன்றைச் சீவினால் பத்தாயிரம் ஏடு தேறும் (உனக்கு மிச்சமிருக்கும் முடியைச் சொல்கிறேன்). சீவியது தூளாகப் போய்விடும், படம்தான் மிச்சம். எங்களுக்கு ஒரு எலிக்கு 1,200 படம் வந்தது. அத்தனையையும் அடுக்கினாலும் பத்து மைக்ரான் உயரம் வராது. ஒரு முழுச் செல்கூட இல்லை.

எல்லாம் கறுப்பு வெளுப்பு. டிவியில் காட்டும் பச்சை சிவப்பெல்லாம் எங்களை மாதிரி ஆட்கள் பூசுவது. ஒரு படத்தில் இருக்கும் அத்தனை மைட்டோகாண்ட்ரியாவையும் சுற்றிக் கோடு போட எனக்கு ஒன்றரை மணி நேரம். 1,200 படத்துக்கு 1,800 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு எலிக்கு. இங்கேதான் டீப் லேர்னிங் வந்தது, அதாவது நாம் கோடு போட்ட மாதிரிப் படங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரே வேலையைக் கற்றுக்கொள்வது.

எங்கள் லேபில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தம்பி அப்படிக் கற்றுக்கொள்ளும் புரோகிராம் ஒன்று, நெட்வொர்க் என்பார்கள், வைத்திருக்கிறான். அந்தச் சென்னிமலைப் பையன்தான், தீபாவளிக்கு வந்து ஏழு ஒப்புட்டு தின்றானே. நெட்வொர்க்குக்கு யு-நெட் என்று பெயர். 2015இல் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க்கில் செய்தது. பழ ஈப் புழுவின் நரம்புத் திசுவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த 30 படத்தை வைத்தே அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த 30ஐயே திருப்பிப் போட்டு, இடம் வலம் மாற்றி, பனியன் துணியை இழுப்பதுபோல் இங்கும் அங்கும் இழுத்து வளைத்துப் பெருக்கிக்கொண்டார்கள். துணியை எப்படி இழுத்தாலும் தையல் தையல்தானே என்பது கணக்கு.

நான் 48 படத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். ராத்திரி முழுக்க அது படித்தது. மறுநாள் 1,200 படத்தையும் மத்தியானச் சோற்றுக்குள் பூசி முடித்துவிட்டது. எனக்கு வந்தது வயிற்றெரிச்சல், ஜோதி. பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பழகிய வேலை. அப்புறம் போகப்போக அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. முனையில் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கோடு போடுவது என் பழக்கம். அதுவும் அப்படியே போட்டது. எங்கள் லேப் தலைவர் ஐயா பார்த்துவிட்டு, "அப்படியே பூங்கொடி கையெழுத்துங்க" என்றார். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

முடிவும் பட்டுக் கத்தரித்தாற்போல் வந்தது. சாதா எலியில் மைட்டோகாண்ட்ரியா நீளம், கல்யாண வீட்டு எலியில் துண்டு துண்டாகக் குட்டை. கொழுப்பு ஏறினால் துண்டுபடும் என்று ஏற்கெனவே எழுதியவர்கள் இருக்கிறார்கள். பெருத்துப்போகும் என்று எழுதியவர்களும் உண்டு, ஆனால் நாங்கள் முதல் கட்சி. கட்டுரை தயார். தம்பியின் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் வேறு.

வியாழக்கிழமை சாயங்காலம் கட்டுரைக்கு அழகாக ஒரு படம் தேடிக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் தனித்தனி மைட்டோகாண்ட்ரியா என்று பூசிய பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, நடுவில் ஒரு கொழுப்புத் துளி. நன்றாக இருக்கிறதே என்று வண்ணத்தை அணைத்துவிட்டு அடியில் இருக்கும் படத்தைப் புரட்டினேன். 411ஆம் ஏட்டில் இரண்டு. 412இல் பச்சையின் ஓரத்தில் சின்னதாக ஒரு மூக்கு. 414இல் மூக்கு நீண்டு கொழுப்புத் துளியின் முதுகை ஒட்டிக்கொண்டு போகிறது. 416இல் சிவப்பைத் தொட்டேவிட்டது. சவ்வின் இரட்டைக் கோடு மேலேயும் கீழேயும் எங்கேயும் அறுபடாமல் ஓடுகிறது. 421இல் மறுபடி இரண்டு. நடுவில் ஒன்பது ஏடு, 72 நானோமீட்டர், அவ்வளவு ஒல்லிக் கழுத்து. இரண்டு இல்லை ஜோதி, அது ஒன்றேதான்.

நெட்வொர்க் ஏன் அங்கே வெட்டியது என்று தேடினேன். என் 48 படத்தைத் திறந்தேன். நான் வெட்டியிருக்கிறேன். கொழுப்புத் துளி பக்கத்தில் எங்கெல்லாம் இடுப்பு சிறுக்கிறதோ அங்கெல்லாம், அடுத்த ஏட்டைப் புரட்டிப் பார்க்காமல், வெட்டி மூடியிருக்கிறேன். சாதா எலிக்கு ஐப்பசியில் கோடு போட்டேன். அப்போது சந்தேகம் வந்தால் முன்னே மூன்று, பின்னே மூன்று ஏடு புரட்டிப் பார்ப்பேன். கல்யாண வீட்டு எலிக்குப் போட்டது மாசியில், அம்மா விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு. கொழுப்புத் துளி கண்டால் வெட்டு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. அந்தத் துளி எந்த எலியில் அதிகம்? நீயே சொல்.

சோர்வு மட்டும் என்றால் இத்தனை பக்கம் எழுதமாட்டேன். எது கல்யாண வீட்டு எலி என்று எனக்குத் தெரியும். அதில் துண்டுபட்டிருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்றா இரண்டா என்று தெரியாத இடத்தில் என் கை தானாகவே இரண்டு என்றது. வேண்டுமென்று செய்யவில்லை. உட்கார்ந்து 40 வெட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 26 தப்பு.

தவளை ஞாபகம் வருகிறதா? பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டு. கணையத்துக்குக் கல்லீரல் என்று நான் போட்ட அம்புக்குறியைக்கூட விடாமல் வரைந்தாயே. கண்ணம்மா டீச்சர் உன்னை வெளியே நிறுத்தினார், என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த 'ரெட்டைக் கல்லீரல்' பட்டம் உனக்கு வந்தது, நியாயமாக எனக்கு வந்திருக்க வேண்டும். இப்போது ஒரு பெட்டி என்னைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறது, மறுபடியும் கல்லீரல். நீயாவது "இது சரிதானாடி?" என்று ஒரு தடவை கேட்டாய். இது கேட்காது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. கட்டுரையைப் பரிசீலிப்பவர்கள் 1,200 ஏட்டையும் புரட்டப்போவதில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அந்த எண்ணம் இருந்தது, உன்னிடம் மறைத்து என்ன. அன்று ராத்திரி ஆடிக்காற்றில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்தபோது கார்மென்ட்ஸ் கம்பெனியில் உன் செக்கிங் மேசைதான் நினைவுக்கு வந்தது. அப்ரூவல் சாம்பிளிலேயே காலர் கோணல் என்றால் எட்டாயிரம் பீஸும் கோணல்தான், செக்கிங்கில் பிடிக்கவே முடியாது, சாம்பிளோடு ஒத்துப்போகும் என்று ஒருதரம் புலம்பினாயே. அன்றைக்குப் பாதி காதில்தான் கேட்டேன்.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் பார்த்தேன். பழ ஈயின் மூளையை 2024இல் முழுதாக வரைபடமாக்கினார்கள், 1,39,255 நரம்பு செல். மெஷின் பூசியதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பல நாட்டு ஆட்கள் உட்கார்ந்து, ஒட்டியிருந்ததை வெட்டி, வெட்டியிருந்ததை ஒட்டித்தான் முடித்தார்கள். லண்டனில் பிரான்சிஸ் கிரிக் நிலையத்தில் செல்லின் உட்கரு உறைக்குக் கோடு போடப் பொதுமக்களையே கூப்பிட்டார்கள். ஒரே படத்துக்குப் பல பேர் கோடு போட, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கோடாக்கி, அதைத்தான் நெட்வொர்க்குக்குக் கொடுத்தார்கள். அங்கே ஒருத்தி சோர்ந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள். இங்கே நான் ஒருத்திதான்.

நேற்றுத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சுருங்கிப்போய்விட்டது, பாவம். ஆவணி அவன் கண்முன் வந்திருக்கும். "சரி தம்பி, ஒரு மாசம் கொடு, 48ஐயும் நானே திரும்பப் போடுகிறேன்" என்றேன். அவன் நிமிர்ந்து, "வெட்டினதும் நீங்க, ஒட்டறதும் நீங்களேங்களாக்கா?" என்றான்.

கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, பையன் சொன்னது சரி. இப்போது என்னிடம் கொடுத்தால் பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவேன். போன தடவை துண்டு வேண்டுமென்றிருந்தது, இந்தத் தடவை கழுத்து வேண்டுமென்றிருக்கும். எந்த எலி என்று தெரியாத, எது வந்தாலும் கவலைப்படாத கண் வேண்டும். நாளைக்குக் காலையில் ஐயாவிடம் 416ஆம் படத்தை நீட்டப்போகிறேன். என்ன சொல்வாரோ. கத்தமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குக் கத்தினாலே தேவலை.

இதோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன். உள்ளே ஆறு கட்டு, கட்டுக்கு ஐந்து படம், வரிசை எண் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். ஐந்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, இரண்டு புள்ளியும் ஒரே பீஸிலா, தனித்தனிப் பீஸிலா என்று மட்டும் கட்டின் முதுகில் எழுது. சவ்வு என்றால் என்ன என்று உனக்குத் தெரிய வேண்டாம், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார். உன் மேசையில் கண் நல்ல பிள்ளைகள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கொடு, ஒருத்தி எழுதியதை மற்றவள் பார்க்கக்கூடாது. நீ எழுதுவதையும் காட்டாதே. காலையில் பார்க்கச் சொல், ஷிஃப்ட் முடியும்போது வேண்டாம்.

எந்த எலி என்று கேட்டு போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன்.

உன்
பூங்கொடி

பி.கு: என் எவர்சில்வர் தூக்குப்போசி பங்குனியிலிருந்து உன் வீட்டில் இருக்கிறது. கவரைத் திருப்பி அனுப்பும்போது ராசுவிடம் அதையும் கொடுத்துவிடு. காலியாக அனுப்பினால் தெரியும் சேதி.