பழைய உலாவியை உடனே நீக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் புதிய இணைய உலாவிகளை ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எது சட்டென்று திறக்கிறது, எதன் முகப்பு கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதோடு கட்டுரையாளர் நின்றுவிட்டு, பிடித்திருந்தால் பழைய உலாவியை அன்றே நீக்கிவிடலாம் என்று முடித்துவிட்டார். ஒரு மாலைப்பொழுது திறந்து பார்த்துவிட்டு மூடுகிறவருக்கு அந்த ஒப்பீடு போதும். அன்றாடம் அதிலேயே வேலை பார்க்கப் போகிறவருக்குப் போதாது.

எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா நான்கையும் கூகுளின் குரோமுக்கு மாற்று என்று எழுதியிருக்கிறார். சட்டை வேறு, ஆள் ஒருவரே. நான்கிலும் ஓடுவது குரோமில் உள்ள அதே பிளிங்க் எஞ்சின் (தளத்தின் நிரலைப் படித்துத் திரையில் பக்கமாகக் காட்டும் உள்பகுதி). ஓப்பரா தன் சொந்த எஞ்சினை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜும் 2020 ஜனவரியில் அதே வழிக்கு வந்தது. பரவலாகப் புழங்கும் உலாவிகளில் வேறு எஞ்சின் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட் இரண்டுதான் மிச்சம். (பிளிங்க்கே 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து போனதுதான். வம்சாவளி பார்த்தால் இவை இரண்டும் உறவினர்கள்!) ஐபோனிலோ, எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் பல ஆண்டுகள் விதி வைத்திருந்தது. 2024இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முதலில் தளர்ந்தது.

இது வல்லுநர்களுக்கான நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. எஞ்சின் ஒன்றாக இருந்தால் மாறுவது எளிது. தளங்கள் முன்பு போலவே திறக்கும், உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்டிப்புகளும் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். எஞ்சின் வேறென்றால் அவ்வப்போது உரசல் வரும். நான் அன்றாடம் பயன்படுத்துவது ஃபயர்ஃபாக்ஸ். பொதுவாகக் குறையில்லை. ஆனால் எப்போதாவது ஒரு தளம், நீண்ட படிவத்தை நிரப்பி முடிக்கும் நேரம் பார்த்து, குரோமில் திறக்கவும் என்று கைவிரிக்கும். குற்றம் உலாவியுடையது அல்ல. ஒரே உலாவியில் மட்டும் சோதித்துவிட்டுத் தளத்தை வெளியிடுகிறவர்களுடையது. இந்தச் சோம்பல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வெளிவந்தது 2001இல். அதை நம்பியே தளங்கள் எழுதப்பட்டன, மைக்ரோசாஃப்ட்டும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. இடையில் 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்து போட்டிக்கு நின்றது. எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பு ஐந்து ஆண்டுகள் கழித்து 2006இல்தான் வெளிவந்தது. ஆகவே அந்த உரசலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி. ஆனால் அது வரும் என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

விளம்பரத் தடுப்பான்களுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி. குரோம் தன் நீட்டிப்பு விதிகளை மாற்றிய பிறகு, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு தன் முழு வடிவில் அதில் இயங்குவதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது. பலர் உலாவி மாற நினைப்பதே இதற்காகத்தான்.

கடவுச்சொற்கள் பற்றியோ அந்த ஒரு வரிகூட இல்லை. புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் புதிய உலாவி ஒரு சொடுக்கில் இழுத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் உண்மை. அப்படி வராதபோது பழைய உலாவியிலிருந்து கடவுச்சொற்களை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துப் பட்டியல் கோப்பாக இறக்கிப் புதியதில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. எந்தத் தளம், எந்தப் பயனர் பெயர், எந்தக் கடவுச்சொல் என்று எல்லாம் பச்சை எழுத்தாக இருக்கும். கணினியைத் தொடுகிற எவரும் படிக்கலாம். வேலை முடிந்ததும் அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். பதிவிறக்கக் கோப்புறை தானாக மேகக் கணினியில் நகலெடுக்கப்படும்படி அமைத்திருந்தால் அங்கேயும் போய்த் தேட வேண்டும். இவ்வளவு செய்தும் பாஸ்கீகள் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் மின்னணுச் சாவிகள்) அந்தக் கோப்பில் வராது. அவற்றை ஒவ்வொரு தளத்திலும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கலாம். அதற்குப் பழைய உலாவி கைவசம் இருந்தாக வேண்டும்.

உலாவியை யார் நடத்துகிறார்கள், எதில் சம்பாதிக்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடலுக்காகக் கூகுள் கொடுக்கும் பணம். சஃபாரியில் முதன்மைத் தேடுபொறியாக இருப்பதற்குக் கூகுள் 2022இல் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. எனவே கூகுளின் நிழலே படாத உலாவியைத் தேடி ஓட வேண்டாம். அதைவிட, உலாவி நீடிக்குமா என்று பார்ப்பது பயனுள்ளது. ஆர்க் என்ற உலாவி 2023இல் பலத்த பாராட்டுடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2025இல் அதை உருவாக்கிய நிறுவனமே புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, டியா என்ற வேறோர் உலாவியில் கவனத்தைத் திருப்பிவிட்டதாக அறிவித்தது. அழகான பக்கப்பட்டையை நம்பித் தங்கள் வேலைமுறையையே மாற்றிக்கொண்டவர்கள் பாவம்.

அடுத்த முறை ஒப்பிடும்போது ஓர் உலாவியிலிருந்து வெளியேறுவது எவ்வளவு எளிது என்பதையும் சோதித்து எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன், “பிடித்திருந்தால் பழைய உலாவியை அன்றே நீக்கிவிடலாம்” என்ற கட்டுரையின் கடைசி வரிக்கு வரும் இதழில் ஒரு திருத்தம் வெளியிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்