பி உலையின் பின்பக்கத்தையும் சொல்லுங்கள்

மன்ஹாட்டன் திட்டத் தேசிய வரலாற்றுப் பூங்காவைச் சேர்ந்து நடத்தும் அமெரிக்க எரிசக்தித் துறைக்கும் தேசியப் பூங்காச் சேவைக்கும்,

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்தில் குடியிருப்பவன் நான். சில வருடங்களுக்கு முன்பு, அப்போது பதினொரு வயதான என் மகளை ஹான்ஃபோர்டுக்கு அழைத்துவந்து, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் திட்டத்துக்குப் புளூட்டோனியம் செய்யக் கட்டிய பி அணு உலையைக் காட்டினேன். அன்று அவள் கேட்ட ஒரு கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். தமிழில் எழுதுகிறேன், பிள்ளைகளோடு அங்கே வரும் மற்ற தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்று.

உலையின் முன்முகத்துக்கு எதிரே நின்றிருந்தோம். மூன்று மாடி உயரச் சுவர். அதில் வரிசை வரிசையாக, யுரேனியத் துண்டுகளை உள்ளே தள்ளும் குழாய்களின் வாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, பக்கத்திலேயே சுருண்டு வரும் மெல்லிய தண்ணீர்க் குழாய். மொத்தம் 2004. மகள் எண்ணத் தொடங்கி, இரண்டாவது வரிசையிலேயே விட்டுவிட்டாள். அப்புறம் கேட்டாள்: "இந்தப் பக்கம் தள்ளினா, அந்தப் பக்கம் எங்கப்பா விழும்?"

முன்பக்கத்தின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளுக்கு ஆசையாகவே சொன்னேன். 1944 செப்டம்பர் 26 இரவு இந்த உலை உயிர்பெற்றது. சில மணி நேரத்திலேயே அதன் சக்தி தானாக இறங்கத் தொடங்கி, அடுத்த நாள் சுத்தமாக அணைந்துபோனது. தண்ணீர் கசிகிறதோ என்று பார்த்தார்கள், இல்லை. பிறகு யாரும் தொடாமலே மறுபடி உயிர் வந்தது, மறுபடி இறங்கியது. இயற்பியலாளர்கள் ஜான் வீலரும் என்ரிக்கோ ஃபெர்மியும் அந்த ஏற்ற இறக்கத்தின் நேரக்கணக்கை வைத்தே காரணத்தைப் பிடித்தார்கள். யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் செனான்-135 என்ற வாயு, உலையை ஓடவைக்கும் நியூட்ரான்களை விழுங்கிவிடுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 9 மணி. அது சிதைந்து குறையும்போது உலை திரும்ப எழுகிறது. சரி, காரணம் தெரிந்துவிட்டது, என்ன செய்வது? விஞ்ஞானிகளின் கணக்குப்படி வட்டமாக அடுக்கிய 1500 குழாய்களே போதும். டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஜார்ஜ் கிரேவ்ஸ்தான், எதற்கும் இருக்கட்டும் என்று சதுரத்தின் நான்கு மூலைகளிலும் குழாய் போடவைத்திருந்தார். அந்த மூலைகளிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானை மீறி உலை ஓடியது. ஒரு பொறியாளனாக, இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

ஆனால் மகள் கேட்டது பின்பக்கத்தை. பார்வையாளர்கள் யாரும் நிற்காத பக்கம் அது.

அலுமினிய உறை போட்ட, ஒரு சாண் நீள யுரேனியத் துண்டுகள் பின்பக்கமாகத் தண்ணீர்த் தொட்டியில் விழும். சில வாரம் அதிலேயே கிடந்து ஆறிய பிறகு ரயிலில் ஏறிப் பிரிப்பு ஆலைக்குப் போகும். அங்கே அமிலத்தில் கரைத்தால், தொடக்க காலத்தில் ஒரு டன் யுரேனியத்துக்குக் கால் கிலோவுக்குப் பக்கம், உலைக்குள் உண்டான புளூட்டோனியம் கிடைத்தது. அதில் சுமார் ஆறு கிலோ 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் மேல் வெடித்தது. மீதிக் கழிவெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டிகளுக்குப் போனது. இன்று 177 தொட்டிகள், சுமார் 21 கோடி லிட்டர். அவற்றில் பல கசிந்தவை என்பது உங்கள் துறையே ஒப்புக்கொண்டது.

கரைக்கும்போது அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் புகைபோக்கி வழியாக வெளியேறும். ஆறுவதற்கு நாள் கொடுத்தால் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். 1949 டிசம்பர் 2 இரவு, 16 நாள் மட்டுமே ஆறிய எரிபொருளை வேண்டுமென்றே கரைத்து, வடிகட்டாமல் காற்றில் விட்டார்கள். சோவியத் ஒன்றியம் அந்த ஆகஸ்டில்தான் தன் முதல் குண்டை வெடித்திருந்தது. அவர்களின் உலைகளைத் தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கப் பழகுவதற்காகச் செய்த சோதனை அது. காற்றில் கலந்த அயோடின் புல்லில் படியும், மாடு மேயும், பால் வழியாகக் குழந்தையின் தைராய்டுக்குப் போய்ச்சேரும். அந்த வட்டாரத்தில் வீட்டு மாட்டின் பாலைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1986இல் ஆவணங்கள் வெளிவந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. முப்பத்தாறு வருடம்! இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஆற்றையும் சொல்ல வேண்டும். ஹான்ஃபோர்டின் ஒன்பது உலைகளில் எட்டு, கொலம்பியா ஆற்றுத் தண்ணீரை ஒருமுறை உள்ளே ஓட்டி, சற்று நேரம் குளத்தில் நிறுத்திவைத்து, ஆற்றிலேயே திருப்பிவிட்டவை. பி உலைக்கு மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 2.8 லட்சம் லிட்டர். அந்த ஆற்றில்தான் பூர்வகுடிகளான வானாபம் மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள். 1943இல் இந்த உலைகளுக்காக அரசு நிலத்தை எடுத்தபோது அவர்களின் மீன்பிடி இடங்கள் பறிபோயின. ஒயிட் பிளஃப்ஸ், ஹான்ஃபோர்டு ஊர்க்காரர்கள் பழத்தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒயிட் பிளஃப்ஸின் கல்லறைகளைக்கூடத் தோண்டி பிராசர் என்ற ஊருக்கு மாற்றினார்கள்.

இதெல்லாம் நீங்கள் மறைத்த செய்தி என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் ஆவணங்களிலேயே இருப்பதுதான். நான் கேட்பது, அதைச் சொல்லும் இடத்தைப் பற்றி. கடைசியாக ஓடிய, 'N' என்று பெயரிட்ட உலை 1987இல் நின்றது. ஒன்பதில் ஏழு உலைகளை எஃகு உறைக்குள் மூடிவிட்டீர்கள், கதிரியக்கம் தணிய 75 வருடம்வரை அப்படியே இருக்கும். பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க பி உலை ஒன்றுதான் இருக்கிறது. ஹான்ஃபோர்டு செய்த சுமார் 67 டன் புளூட்டோனியத்தின் கதை முழுவதையும் அந்த ஒரு கட்டடம்தான் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, முன்முகத்துக்கு எதிரே, பார்வையாளர்கள் நிற்கும் அதே இடத்தில், ஒரே ஒரு யுரேனியத் துண்டின் பயணத்தைக் கடைசிவரை காட்டுங்கள்: தொட்டி, ரயில், அமிலம், நாகசாகி, 177 தொட்டிகள். செனான் கதை சொல்லும் வழிகாட்டியே, அதே மூச்சில், 1949 டிசம்பர் இரவையும் சொல்லட்டும். ஆற்றைப் பற்றிய பகுதியை எழுதும்போது வானாபம் மக்களையும், காற்று வீசிய பக்கம் வளர்ந்து நோயுற்றவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்கு அன்று, "அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைக் காரில் திரும்பும்போது சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்படிக்கு,
வாஷிங்டன் மாநிலத்திலிருந்து ஒரு தகப்பன்