அபுவேலோ, தே கியேரோ

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு பேரன் போனில் ஸ்பானிஷில் "அபுவேலோ, தே கியேரோ" என்றான். அபுவேலோ என்றால் தாத்தா, அது எனக்குத் தெரியும். நான் "கே கியேரெஸ்?" என்று கேட்டேன், என்ன வேணும் என்று. அவன் ஒன்றும் பேசாமல் போனை உன்னிடம் கொடுத்துவிட்டான். மத்ரீதில் உங்களோடு இருந்த 3 மாசமும் அவன் வாயிலிருந்து நான் கேட்ட கியேரோ, அதாவது 'எனக்கு வேணும்', எல்லாம் தண்ணீர், பால், பந்து என்று ஏதாவது ஒரு பொருளுக்காக வந்தது. அன்றைக்கு அவன் கேட்ட பொருள் நான்தான் என்பது எனக்கு விளங்கவில்லை. ராத்திரி தூக்கம் வராமல், நீ வாங்கித் தந்த அகராதியை எடுத்து உட்கார்ந்தேன்.

உனக்கு இது தினம் புழங்குகிற சொல். இருந்தாலும் நான் கண்டதைச் சொல்கிறேன், கேள்.

கியேரோ என்பது கெரேர் என்ற வினையின் ஒரு வடிவம். அந்த வினைக்கு மூலம் லத்தீனில் குவைரெரே. தேடு, கேள் என்று பொருள். இங்கிலீஷில் கொஸ்டின் என்கிறோமே, அதற்கும் அதுதான் வேர். தேடியும் கேட்டும் நின்ற சொல் ஸ்பானிஷுக்கு வந்து, விரும்புவதாகி, பாசம் வைப்பதாகவும் ஆகிவிட்டது. காதலுக்கு அமார் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஆனால் ஸ்பெயினில் 'தே ஆமோ' கனமான பேச்சு. அம்மா பிள்ளையிடமும், சிநேகிதி சிநேகிதியிடமும் சொல்வது தே கியேரோதான்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் 'வேண்டு' வந்த வழியும் இதுதானே! சாமியிடம் வேண்டிக்கொள்கிறோம், அது கேட்பது. தண்ணீர் வேணும், அது தேவை. 'அவர் நமக்கு வேண்டியவர்' என்கிறோமே, அது பாசம். ஆகாதவன் வேண்டாதவன். 34 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். வேண்டியவர் என்ற சொல்லுக்குள் வேணும் இருப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. உன் பிள்ளை காட்டிக்கொடுத்தான்.

அவன் உங்கள் வீட்டுக் கண்ணாடி ஜாடியை உடைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "வேணும்னே செஞ்சியா?" என்று நான் சத்தம் போட்டேன். அவன் அழுதுகொண்டே "சின் கெரேர், சின் கெரேர்" என்றான். கெரேர் இல்லாமல், அதாவது வேணும்னு செய்யலை. நான் கேட்டதற்கு நேர்ப் பதில் அது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் இரண்டு மொழியில் பேசியிருக்கிறோம். அன்றைக்கு அவனைத் திட்டியது இப்போது மனசை அறுக்கிறது.

இலக்கணத்திலும் ஓர் அழகு உண்டு. 'கியேரோ ஊன் மேதிகோ' என்றால் எனக்கு ஒரு டாக்டர் வேண்டும், யாராக இருந்தாலும் சரி. நடுவில் 'ஆ' என்று ஓர் எழுத்தைப் போட்டு 'கியேரோ ஆ ஊன் மேதிகோ' என்றால், குறிப்பிட்ட ஒரு டாக்டர் மேல் எனக்கு அன்பு. நாமும் 'தண்ணி குடி' என்று ஐ உருபு இல்லாமல் சொல்லிவிடுவோம், ஆனால் 'அம்மா கூப்பிடு' என்று சொன்னால் அம்மாவே கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். 'அம்மாவைக் கூப்பிடு' என்றுதான் சொல்ல வேண்டும். உயர்திணைப் பெயரில் ஐ ஒழியாது வரும் என்பது தொல்காப்பியத்திலேயே உண்டு. எங்கோ இருக்கிற மொழியிலும் மனுஷருக்கென்று தனி உருபு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் தெரு ரொட்டிக் கடையில் எல்லாரும் கியேரோ என்னாமல் 'கெரீயா' என்று இறந்தகாலத்தில் கேட்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கையில் காசோடு நின்றுகொண்டு 'ஒரு ரொட்டி வேண்டியிருந்தது' என்பானேன்? அது மரியாதை. 'ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேன்' என்று நாமும் நேற்று வந்தவர் மாதிரித்தானே ஆரம்பிக்கிறோம்.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் கடிதமே. 'கீசே' என்பது அதே கெரேரின் முடிந்துபோன காலம். விரும்பினேன் என்பதோடு, செய்யப் பார்த்தேன் என்றும் அதற்குப் பொருள் வரும். 'நோ கீசே' என்றால் மறுத்துவிட்டேன் என்றே ஆகிவிடும். இரண்டும் என்னிடம் உண்டு அம்மா. நீ அந்த ஊருக்குப் போகிறேன் என்றபோது காரணம்கூடக் கேட்காமல் வேண்டாம் என்றேன். ஒரு மாசம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நோ கீசே. அப்புறம் திருச்சி விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று உன்னிடம் ஒன்று சொல்லப் பார்த்தேன். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்றுதான் வாயில் வந்தது. சொல்லப் பார்த்தது, நீ எனக்கு வேணும் என்று.

பேரனிடம் சொல், தாத்தாவுக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை என்று. 'யோ தாம்பியேன் தே கியேரோ', எனக்கும் நீ வேணும், என்று பதில் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். அவனுக்கு நீ 'தாத்தா, நீ எனக்கு வேணும்' என்பதைச் சொல்லிக்கொடு. வருகிற ஞாயிறு உங்கள் மதியம் 3 மணிக்கு, இங்கே 6.30க்கு, நானே கூப்பிடுகிறேன். விளையாடப் போயிருந்தால் கொஞ்சம் முன்னாலேயே அழைத்து வந்துவிடு.

அப்பா