“எவ்வளவு குடித்தால் ஏறும்?”

அன்புள்ள மலர்,

கடிதம் கிடைத்தது. பதிவுக்கு வரும் கர்ப்பிணிகளிடம் “குடிப்பீங்களா?” என்றால் எல்லாரும் “இல்லை” என்கிறார்கள் என எழுதியிருந்தாய். மாமியார் பக்கத்தில் நிற்கையில் வேறென்ன சொல்வாள்? எடை பார்க்கும் சாக்கில் அவளைத் தனியே கூப்பிடு. “எவ்வளவு குடித்தால் உனக்கு ஏறும்?” என்று கேள். கர்ப்பிணிகளுக்கென்றே 1989இல் அமெரிக்காவில் வந்த ‘டி-ஏஸ்’ கேள்விகளில் முதலாவது இதுதான். இரண்டு பெக்குக்கு மேல் என்றால் 2 மதிப்பெண். குடியைப் பற்றி யாராவது குறை சொல்லி எரிச்சல் வந்ததா, குறைக்கணும் என்று தோன்றியதா, விடிந்ததும் நடுக்கம் அடங்கக் குடித்ததுண்டா, ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 2 வந்தாலே உட்கார்ந்து பேச வேண்டியவள்.

கர்ப்பம் தெரிவதற்கு முந்தைய மாதத்தையும் கேள். அதைச் சொல்லக் கூச்சம் குறைவு.

“பீர்தானே அக்கா” என்பாள். 30 மில்லி பிராந்தியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் 25 கிராம். நஞ்சுக்கொடி அதை வடிகட்டாது. சிசுவின் கல்லீரலுக்கு அதை உடைக்கும் திராணி இல்லை. பனிக்குட நீரில் தங்கியதையே சிசு திரும்ப விழுங்குகிறது.

தாய் குடித்ததால் பிள்ளைக்கு வரும் பாதிப்புக்கு 1973இல் ஜோன்ஸ், ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ‘கரு ஆல்கஹால் நோய்க்குறி’ என்று பெயரிட்டார்கள். அதன் முக அடையாளங்கள் உனக்குத் தெரியும்: மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் மழுங்கியிருக்கும், மேலுதடு மெலிந்திருக்கும், கண் திறப்பு சிறுத்திருக்கும். அவை முதல் மூன்று மாதத்தில் குடித்ததன் தடம். மூளையோ பத்து மாதமும் வளர்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் ஒன்றும் தெரியாது; பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் ஞாபகத்திலும்தான் தெரியவரும். அதனால் ஏழாம் மாதம் வந்தவளிடமும் “இனி என்ன, முடிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிடாதே. அன்று நிறுத்தினாலும் அந்த மூளைக்கு லாபம்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். தினமும் குடிப்பவளை வீட்டிலேயே சட்டென்று நிறுத்தச் சொல்லாதே. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அது தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அரசு மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்களா என்று கேட்டுக்கொள்.

பிள்ளை பெற்றவளுக்கு உடம்புவலிக்கு பிராந்தி ஊற்றும் பழக்கம் உன் பக்கமும் உண்டல்லவா? அது பாலில் இறங்கும். அரிஷ்ட பாட்டில்களிலும் தானாக உருவான ஆல்கஹால் இருப்பதாக லேபிளிலேயே போட்டிருக்கும், எடுத்துக் காட்டு.

கேள்விகளைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புருஷனையும் அடுத்த செக்கப்புக்கு வரச்சொல். வீட்டில் பாட்டில் இருக்கும்வரை அவளால் தனியாக நிறுத்த முடியாது.

அன்புடன்,
கலா