நங்கூரத்தை வளையத்தில் மட்டும் பூட்டித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு படகு கட்டி விற்பவர்களுக்கும் படகு ஓட்டக் கற்றுத் தருபவர்களுக்கும்,

வணக்கம். உங்களிடமிருந்து வரும் படகுகளில் பெரும்பாலும் நங்கூரச் சங்கிலி, தண்டின் மேல்முனை வளையத்தில் நேராக ஷேக்கிள் (முள் செருகிப் பூட்டும் U வடிவ இரும்புப் பூட்டு) போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. மணலுக்கும் சேற்றுக்கும் அது போதும். பாறை இடுக்கிலோ மூழ்கிய மரத்திலோ அலகு, அதாவது தரையில் குத்திப் பிடிக்கும் முனை, சிக்கிவிட்டால் போதாது. எந்தத் திசையில் இழுத்தால் பிடிக்க வேண்டும் என்று நங்கூரம் செய்யப்பட்டிருக்கிறதோ, அதே திசையில் இழுத்துவிட்டு வரவில்லையே என்றால் எப்படி வரும்?

இதற்கான வழி பழையது, செலவும் அற்பம். சங்கிலி முனையை அலகுகளும் தண்டும் சேரும் அடிப்பகுதியில் ஷேக்கிளால் பூட்டுங்கள். அங்கிருந்து சங்கிலியைத் தண்டை ஒட்டியே மேலே கொண்டுவந்து, வளையத்தைத் தொடும் கண்ணியை மட்டும் கேபிள் டையாலோ நூலாலோ வளையத்தோடு கட்டுங்கள். படகின் இழுப்பு இந்தக் கட்டின் வழியே வளையத்துக்குப் போகும், நங்கூரம் வழக்கம்போல் பிடிக்கும். சிக்கிக்கொண்டால் படகை நேர் மேலே கொண்டுவந்து வலுவாக இழுக்கும்போது கட்டு அறும். இழுப்பு அடிப்பகுதிக்கு மாறி, அலகு நுழைந்த வழியே பின்னோக்கி வெளியே வரும்.

இந்த அளவு பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லாமல் விடுவதுதான் ஆபத்தாகிறது.

முதலில் சங்கிலியின் தொய்வு. தண்டை ஒட்டிய பகுதி விறைப்பாக இருந்தால் இழுப்பில் ஒரு பங்கு அடிப்பகுதிக்கே போய், நங்கூரம் சரியாகப் படுக்காது. மிகத் தளர்வாக விட்டால் சங்கிலி அலகைச் சுற்றிக்கொள்ளும். ஒரு கண்ணி அளவு தொய்வு சரி. துத்தநாகப் பூச்சின் பிசிறு டையை அறுக்கும் என்பதால், கட்டும் இடத்தை அரத்தால் லேசாக மழித்துவிடுங்கள்.

அடுத்து கட்டின் பலம். நைலான் கேபிள் டை 3.6 மி.மீ. அகலத்தில் சுமார் 18 கிலோவும், 4.8 மி.மீ.யில் சுமார் 22 கிலோவும், 7.6 மி.மீ.யில் சுமார் 54 கிலோவும் தாங்கும். இவை புது டையை வளையமாகப் பூட்டிய நிலைக்கான எண்கள். இரண்டு பக்கம் இருக்கிறதே என்று இரண்டால் பெருக்கக் கூடாது. இரண்டு டை போட்டாலும் பலம் அப்படியே இரட்டிக்காது. இறுக்கம் சமமாக இல்லாவிட்டால் இறுகலானது முதலில் அறும், முழுச் சுமையும் மற்றதன் மேல் விழும். வெயில் பட்ட நைலான் உடையும் தன்மைக்கு வந்துவிடும். வெள்ளை டையைவிட, வெயில் தாங்கும்படி செய்த கறுப்பு டை நீடிக்கும். எங்களைக் கேட்டால் நூல் இன்னும் நல்லது: ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு இழை கூடுவதால் பலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முடிச்சு நூலின் பலத்தை நன்றாகக் குறைக்கும் என்பதால், உறையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் கட்டிய கட்டையே ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பாருங்கள்.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு எல்லாப் படகுக்கும் ஒரே எண் கிடையாது. நீங்கள் நங்கூரமிட்டு நிற்கத் துணியும் காற்றின் இழுப்பைத் தாங்க வேண்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு பூட்டும் கட்டைக்கும், சங்கிலியைப் படகோடு இணைக்கும் கயிற்றுக்கும் சேதம் வருமுன் அற வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். காலையில் தாங்கிய கட்டு பிற்பகலில் அறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அலையின் வெட்டிழுப்பும் கட்டை அறுக்கும். கயிற்றைக் குறைவாக விட்டால் ஒவ்வொரு அலையும் கட்டை நேராக இழுக்கும். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி ஏழால் பெருக்குங்கள்: 4 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 35 மீட்டர் விட வேண்டும். அமைதியான நீரில் ஐந்து மடங்கு, அதாவது 25 மீட்டர் போதும்.

வேண்டாத நேரத்தில் கட்டு அறுந்தால் நங்கூரம் அடிப்பகுதியிலிருந்து இழுபடும், மறுபடி பிடிக்காது. தூங்குபவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே இரவுத் தங்கலுக்கும், ஆளில்லாமல் விட்டுப்போகும் படகுக்கும், கரையை நோக்கிக் காற்று வீசும் இடத்துக்கும் இந்தக் கட்டு ஆகாது. அப்போது சங்கிலியை வளையத்திலேயே பூட்டி, அடிப்பகுதியிலிருந்து தனிக் கயிறும் மிதவையும் விடலாம். அந்தக் கயிறு, கடல்நீர் ஏறி நிற்கும்போது உள்ள ஆழத்தை எட்ட வேண்டும். நீர் வற்றும்போது மிஞ்சும் நீளம் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும் தொல்லை அதற்கு உண்டு.

பயிற்சி தருபவர்களுக்கு: சிக்கிய நங்கூரத்தைப் பின்பக்கமிருந்து இழுக்க ஒருநாளும் விடாதீர்கள். அங்கே எஞ்சினின் எடை, தாழ்ந்த விளிம்பு. கயிறு கீழே இழுத்ததும் நீர் உள்ளே ஏறிவிடும். மெதுவாக நங்கூரத்துக்கு மேலே வந்து, தளர்ந்த கயிற்றை எடுத்து, அணியக் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடிக்கட்டும். அலை தூக்கும்போது கட்டு அறும். கையில் கயிற்றைச் சுற்றக் கூடாது. அறுந்த நைலான் கயிறு சாட்டைபோல் திரும்பும் என்பதால் அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கவும் கூடாது. அணியம் நீரில் அமிழத் தொடங்கினால் உடனே கயிற்றைத் தளர்த்த வேண்டும். மேலிருந்து வரவில்லையென்றால் கயிற்றை நீளமாக விட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் தாழ்வான கோணத்தில் இழுத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மிதவை கட்டிவிட்டு வெட்டுங்கள். கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

படகு கட்டுபவர்களிடம் நாங்கள் கேட்பது இது: அடிப்பகுதியில் துளையோ வளையமோ உள்ள நங்கூரத்தையே கொடுங்கள். வாங்கியவர் வீட்டில் துளை போட்டால் பூச்சு போய்த் துரு பிடிக்கும், அந்த இடமும் பலவீனமாகும். கூடவே இரண்டாவது ஷேக்கிள், முள் கழன்றுவிடாமல் கட்டக் கம்பி, வெயில் படாத பையில் மாற்று டைகள், கட்டின் அகலமும் எண்ணிக்கையும் எந்த நிலையில் பயன்படுத்தக் கூடாது என்பதும் எழுதிய அட்டை. பயிற்சி தருபவர்கள் ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டைத் தானே கட்டி, கரையில் வைத்தே இழுத்து அறுத்துப் பார்த்த பிறகு நீரில் இறக்குங்கள்.

இப்படிக்கு,
சிறு படகுகளில் பாறைத் தரை மேல் நங்கூரமிடுபவர்கள்