வாசலில் நாலு வேட்டி, நாலு சேலை

யாழ்ப்பாணத்து ஆலய பரிபாலன சபைப் பெரியவர்களுக்கு வணக்கம். கோயில் உடை ஒழுங்கு பற்றி உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள்.

நான் நாகர்கோவில்காரி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறையில் இறங்கி, நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா சமயத்தில் பத்து நாள் உங்கள் ஊரில் தங்கினேன். எங்கள் சுசீந்திரம் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் நல்லூர் வழக்கம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த ஒழுங்கு வீட்டுக்குள்ளும் வந்திருந்ததைப் பார்த்து மலைத்துப்போனேன். நான் தங்கிய வீட்டில் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டிகளைக் கழுவிப் பின்கட்டில் கவிழ்த்துவிட்டார்கள். திருவிழா நடக்கும் 25 நாளும் சைவம்தான். மற்ற நேரம் சாறத்தோடு (லுங்கியோடு) இருக்கும் அந்த வீட்டு அண்ணா, விடியுமுன் முழுகி, வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஈர வேட்டியோடு ஆண்கள் மணலில் உருண்டு வர, பின்னால் பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வந்தார்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். வெறும் மேலோடு நிற்கிறவர்களில் கடை முதலாளி யார், மூட்டை தூக்குகிறவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உடை ஒழுங்கின் அழகே அதுதான்.

அதனால்தான் இன்னொரு கோயில் வாசலில் பார்த்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மலையகத்து ஹட்டன் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த ஒரு பெண், ஜீன்ஸ் போட்டிருந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. "இந்த உடுப்போட உள்ள போகேலாது" என்றார் வாசலில் நின்றவர். அவ்வளவுதான், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. அவள் தட்டை இறுக்கிப் பிடித்தபடி செருப்புகளுக்கு நடுவில் நின்றாள். பூக்கடை அம்மா எழுந்து வந்து, தன் மாற்றுச் சேலையை ஜீன்ஸின் மேலேயே சுற்றி ஊக்குக் குத்திவிட்டார். "பூசை முடிஞ்சாப் பிறகு தந்தால் காணும், பிள்ளை" என்றார்.

1968இல் உங்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் உள்ளே விடச் சொல்லி மக்கள் வாசலில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அன்று சாதி சொல்லி மறித்தார்கள். உடைக் கட்டுப்பாட்டை அதோடு சேர்த்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கோயில் வாசலில் மறிக்கப்பட்டு நிற்பது எப்படியிருக்கும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் கால்சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வாசல் பக்கத்திலேயே வாடகைக்கும் கிடைக்கிறது. நீங்கள் வாடகைகூட வாங்க வேண்டாம். செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு அலுமாரி, அதில் துவைத்து மடித்த வேட்டி, சேலை, கொஞ்சம் ஊக்கு. மறிக்கிற தொண்டரே எடுத்துக் கொடுக்கட்டும்.

எந்தச் சபை முதலில் தொடங்கினாலும் சரி, நாலு வேட்டியும் நாலு சேலையும் எங்கள் ஊர் வடசேரியில் வாங்கி நான் அனுப்புகிறேன். ஒரு சேலை மட்டும் கூடுதலாக இருக்கும். அது அந்தப் பூக்கடை அம்மாவுக்கு.