உடைவதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்

குழந்தைகள் அருங்காட்சியகத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் உங்களிடம் தங்கிப் படைப்பு செய்யும் திட்டத்துக்கு, கலைஞர்களை அழைத்து நீங்கள் வெளியிட்ட அறிவிப்பு போன வாரம் எனக்கும் வந்து சேர்ந்தது. மறக்காமல் அனுப்பியதற்கு நன்றி. சந்தோஷமாகத்தான் படிக்கத் தொடங்கினேன். ஒன்பதாவது நிபந்தனைக்கு வந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். "படைப்புக்கு ஏற்படும் சேதத்துக்குக் கலைஞரே பொறுப்பு" என்று போட்டிருக்கிறீர்கள். 2024-இல் நான் உங்களிடம் வேலை செய்தபோது ஒப்பந்தத்தில் இந்த வரி கிடையாது. அன்று எழுதாமல் செய்ததை இன்று எழுதியே வைத்துவிட்டீர்கள்.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக விண்ணப்பிக்கப்போகும் கலைஞர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் செய்து கொடுத்தது ஒரு பாடும் சுவர். புதுச்சேரி வில்லியனூர் மண்ணில் வனைந்து சுட்ட 64 பானைகளும் குடுவைகளும் கயிற்றில் தொங்கும். துணி சுற்றிய குச்சியால் தட்டினால் சின்ன வயிறு 'கிண்' என்னும், பெரிய வயிறு 'கும்' என்னும். வாய்க்குள் முகத்தை வைத்துக் கூப்பிட்டால் நம் குரலே வேறு மாதிரி திரும்பி வரும். திறந்து ஒன்பதாம் நாள், ஓர் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். ஏழு எட்டு வயதிருக்கும் ஒரு பையன் குச்சியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு பானைக்குள்ளும் தலையை விட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். ஒரு பானையில் பெயர் பெரிதாக வந்தது. அடுத்ததில் கம்மியாக வந்தது. திரும்ப முதல் பானைக்கு ஓடினான். எந்தப் பானை தன்னை நன்றாகக் கூப்பிடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தான் அந்தப் பிள்ளை. அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்தொன்பது வருடமாகச் சக்கரத்தில் உட்காருகிறேன். நான் செய்த பானையோடு ஒருவர் அவ்வளவு நேரம் பேசி அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் பெரிய பானை ஒன்றைத் தன் பக்கம் இழுத்தான். கயிறு கோத்திருந்த பானையின் காது முறிந்து, பானை கீழே விழுந்து உடைந்தது.

பையன் உடைந்த ஓடுகளைப் பார்க்கவில்லை, காவலரைப் பார்த்தான். காவலர் வந்து அவன் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, பெயரையும் பள்ளியையும் ஒரு நோட்டில் எழுதினார். அவருக்குச் சொல்லப்பட்டிருந்த வேலை அது, அவர்மீது எனக்குக் கோபமில்லை. "பரவாயில்லப்பா, அக்கா இன்னொன்னு செஞ்சு மாட்டுறேன்" என்று அவனிடம் சொன்னேன். எந்தப் பானைக்குள் தன் பெயரைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தானோ, அதை உடைத்ததற்காக அந்தப் பெயரை நோட்டில் ஏற்றிவிட்டார்கள். போகும்போது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவனிடம் சொன்னதை என்னால் செய்ய முடியவில்லை. அந்த ஒன்பது நாளில் உடைந்தவை மொத்தம் 11. மறுநாள் சுவருக்கு முன்னால் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தீர்கள். எனக்கு வரவேண்டிய கடைசித் தவணை 12,000 ரூபாயில் 7,500 ரூபாயைச் சேதாரம் என்று பிடித்துக்கொண்டீர்கள். பணம் போனது வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த மாதம் வீட்டில் மளிகைக் கடன் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதைவிட வலித்தது, மிச்சமிருந்த 53 பானைகள் சத்தமில்லாமல் கயிற்றுக்குப் பின்னால் தொங்கியதுதான்.

உடைந்த ஓடுகளை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்து, என் மாமனாரும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 11-இல் 9 ஒரே இடத்தில் முறிந்திருந்தன. கயிறு கோக்கும் காது, பானையின் தோளோடு சேரும் இடம். காதைத் தனியாகச் செய்து ஒட்டியிருந்தேன், அது தப்பு. தோளையே இழுத்துக் காதாக்கியிருக்க வேண்டும், மண்ணில் இன்னும் கொஞ்சம் மணல் சேர்த்திருக்க வேண்டும் என்று மாமனார் சொன்னார். பிளாஸ்டிக் கயிற்றுக்குப் பதில் தேங்காய்நார்க் கயிறு போட்டிருந்தால் இழுவையைக் கொஞ்சம் தாங்கியிருக்கும். இதெல்லாம் பட்டறையில் தெரியாது. நாங்கள் பெரியவர்கள், மெதுவாகத்தான் தொடுவோம். பிள்ளைகள் இழுத்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒன்பது நாளில் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதைத்தான் நீங்கள் சேதாரம் என்று கணக்கில் எழுதினீர்கள்.

திருத்துவதற்கு எனக்கு என்ன வேண்டியிருந்தது என்றும் சொல்கிறேன். வனைய இரண்டு நாள். நிழலில் காய ஒரு வாரம், பெரிய பானைக்கு அதற்கு மேலும் ஆகும். ஈரம் உள்ளே நின்றுவிட்டால் சூளையில் வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உடைக்கும். சுட ஒரு நாள், ஆறவிட ஒரு நாள். 11 பானைக்காக ஒரு சூளையை மூட்ட முடியாது, விறகும் வறட்டியும் அவ்வளவு செலவு. வேறு யாராவது பூந்தொட்டி அடுக்கும்போது நம்முடையதையும் ஓரமாக வைக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று வாரம், ஐயாயிரத்துக்குள் பணம். இதைக் கேட்டுத்தான் அப்போதே கடிதம் கொடுத்தேன். "பட்ஜெட்டில் இல்லை" என்றீர்கள். அதனால்தான் இந்த ஆண்டு திட்டம் தொடங்கும் முன்பே கேட்கிறேன்: உடைவதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். திருத்துவதற்கும் சில நாட்கள் கொடுங்கள்.

இது உலகத்தில் இல்லாத கோரிக்கை அல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழந்தைகள் அருங்காட்சியகம் நடத்தும் ரெசிடென்சிக்கு 'டஃப் ஆர்ட்' என்றே பெயர், குழந்தைகளின் கையைத் தாங்கி நிற்கும் கலை என்று பொருள். அங்கே கலைஞர்கள் முதலில் ஒரு மாதிரியைச் செய்து கூடத்தில் வைக்கிறார்கள். பிள்ளைகள் அதில் ஏறுவதையும் இழுப்பதையும் பார்த்து, திரும்பப் போய் மாற்றிச் செய்கிறார்கள். பார்ப்பதும் மாற்றுவதும் அங்கே வேலையின் பகுதி. சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்திலும் எல்லாவற்றையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். 1974 முதல் அங்கே கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து வேலை செய்யவைக்கிறார்கள். உங்கள் அறிவிப்பின் முதல் பக்கத்தில் 'உலகத் தரம்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. அதை நீங்கள் மனதார எழுதியிருப்பீர்கள் என்றே நம்புகிறேன். அந்தத் தரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சங்கராபரணிக் கரைக்கோ தென்பெண்ணைக் கரைக்கோ வந்து பாருங்கள். பிள்ளைகள் மண் சொப்பு வாங்குவார்கள், வீடு போய்ச் சேருவதற்குள் பாதி உடையும். எந்த அம்மாவும் அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்கு வருவதில்லை, அடுத்த வருடம் திரும்ப வாங்கிக் கொடுக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது அந்த ஊரின் காலத்தைச் சொன்னது முழுப் பானைகள் அல்ல, உடைந்த ஓடுகள். மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு உடைவது அவமானம் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஏன் அவமானமாக வேண்டும்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறிவிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு என் மகள் படித்துச் சொன்னாள். வில்லியனூர் சுடுமண்ணுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கித்தந்த கைகளில் பல, அந்த ஒன்பது பக்கத்தையும் படிக்க முடியாத கைகள். அதே அறிவிப்பில் 'கலைஞர்களுக்கு' மூன்று மாதமும் அறையும் உதவித்தொகையும் உண்டு. 'கைவினைஞர்களுக்கு' ஒரு நாள் செய்முறை விளக்கமும் மதியச் சாப்பாடும்தான். என் மாமனாருக்கு எழுபது வயது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே எத்தனை பங்கு மணல் வேண்டுமென்று சொல்வார். அவர் எந்தப் பட்டியலில் வருவார் என்று என் மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ரெசிடென்சிக்கு நீங்கள் குறித்திருக்கும் மாதங்களும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கரையில் யார் சூளை மூட்டுவார்கள்? 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் சூளைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தேதி குறிப்பதற்கு முன் எங்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். பிள்ளைகளுக்காக ஓர் இடம் வேண்டும் என்று நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். திறப்பு விழாவுக்கு முந்தின இரவு உங்களில் இரண்டு பேர் என்னோடு உட்கார்ந்து கயிறு கோத்துக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். ஒன்பதாவது நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், படைப்பைத் திறந்த பிறகு பிள்ளைகள் அதோடு விளையாடுவதைப் பார்க்கவும் திருத்தவும் மூன்று வாரம் உண்டு, உடைவுக்கென்று தனித் தொகை உண்டு என்று எழுதுங்கள். எவ்வளவு தொகை என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ளலாம். தயவுசெய்து அந்த நோட்டையும் நிறுத்துங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இனி ஏறவேண்டாம்.

பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. தோளோடு இழுத்துக் காது வைத்த 11 பானைகளைப் போன சித்திரையில் பக்கத்துப் பட்டறைச் சூளையில் சுட்டு எடுத்துவிட்டேன். என் மகளும் அவள் தோழிகளும் இரண்டு மாதமாக இழுத்துப் பார்க்கிறார்கள், இன்னும் ஒன்றும் முறியவில்லை. சுவரில் அந்த இடங்கள் காலியாகவே இருந்தால் ஒரு போன் செய்யுங்கள், வந்து மாட்டித் தருகிறேன். நான் வருவதற்குள் முன்னால் கட்டிய கயிற்றை மட்டும் அவிழ்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுவருக்குப் பானை செய்தவள்,
வில்லியனூர்